தோசைக்கல்லும் தொழிற்சாலையும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, பேசிய நடையை அதிகம் மாற்றாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)



போன மாதம் செயலாளர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, நீதான் ஆபரேஷன்ஸ்ல இருக்கியே, அதோட அடிப்படைத் தத்துவங்களைப் பத்தி இருபது நிமிஷம் பேசு. ஒரே ஒரு சங்கடம், சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு உன்னோடது" என்றார். பசியோடு இருக்கிறவர்களிடம் தத்துவம் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் சாப்பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விடுதியில் இருந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஞாபகம் இருக்கும். அன்றைக்குத்தான் தோசை. மூன்றாம் ஆண்டில் நான் மெஸ் கமிட்டியில் இருந்தேன். எங்கள் விடுதியில் இருநூறு பேர். ஆளுக்கு இரண்டு தோசை என்று கணக்கு வைத்தால் நானூறு தோசை. ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை நேரம். ஒன்பதரைக்குக் கதவைச் சாத்தும்போது எழுபது எண்பது பேர் வெறும் தட்டோடு நிற்பார்கள். அவர்களுக்குப் பிரட்டும் ஜாமும். வாரா வாரம் சண்டை.

கமிட்டி கூடி ஆலோசித்தோம். வரிசை நீளமாக இருக்கிறது, ஆகவே பரிமாறும் மேசையை இரண்டாக்குவோம் என்று தீர்மானம் போட்டோம். சட்னிக்கு ஒருவர், சாம்பாருக்கு ஒருவர் என்று ஆள் போட்டோம். புதிதாகத் தட்டு வாங்கினோம். அடுத்த ஞாயிறு என்ன ஆச்சு தெரியுமா? அதே வரிசை, அதே பிரட். தோசை மாஸ்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஏன் தம்பிகளா, சட்னிக்காக எவனாவது வரிசையில நிக்கிறானா?" என்று கேட்டார்.

அப்புறம்தான் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தோம். பெரிய கல். ஒரு ஈட்டுக்கு எட்டு தோசை, மூன்று நிமிடம். மணிக்கு நூற்றறுபது தோசை ஊற்றலாம். இரண்டரை மணி நேரத்தில் சரியாக நானூறு. ஆனால் நடந்தது மணிக்கு நூறுதான். ஏன்? மாவு தீர்ந்தால் மாஸ்டரே உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வருவார். எண்ணெய்க்கும் அவரே போவார். டோக்கனையும் அவரே வாங்கிக் கம்பியில் குத்தி வைப்பார். அவர் நகரும்போதெல்லாம் கல் காலியாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

அடுத்த வாரம் சட்னிக்குப் போட்ட ஆளை மாஸ்டர் பக்கத்தில் நிறுத்தினோம். மாவு, எண்ணெய், டோக்கன் எல்லாம் அவர் பொறுப்பு. மாஸ்டர் கல்லை விட்டு நகரக்கூடாது. அன்றைக்கு மணிக்கு நூற்றைம்பது வந்தது. கடைசிப் பத்துப் பதினைந்து பேர் தவிர எல்லாரும் தோசை சாப்பிட்டார்கள். செலவு ஒரு பைசா இல்லை.

நண்பர்களே, ஆபரேஷன்ஸ் மேனேஜ்மெண்ட் என்று பெரிய பெரிய புத்தகங்களில் இருப்பதில் பாதி இந்தத் தோசைக்கல்லில் இருக்கிறது. உள்ளே வருகிற பொருளை, வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கும் பொருளாகவோ சேவையாகவோ மாற்றுகிற வேலையைத் திட்டமிட்டு நடத்துவதுதான் அந்தத் துறை. வரிசை எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பார்ப்பதே அதன் முதல் பாடம். இதை இருபது வயதில் தோசை மாஸ்டரிடம் கற்றுக்கொண்ட நான், ஐந்து வருஷம் கழித்துத் தொழிற்சாலையில் சுத்தமாக மறந்துவிட்டேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

நான் எழுதிய மெமோ

2011-ல் இங்கிருந்து வெளியே போய், கோவைப் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். 2015-ல் ஷாஃப்ட் லைனுக்கு நான் பொறுப்பு. லேத்தில் கடைசல், டிரில்லிங், பிறகு ஃபர்னஸில் போட்டுக் கடினமாக்குவது, அதன் பிறகு கிரைண்டிங், இன்ஸ்பெக்ஷன், பேக்கிங். இதுதான் வரிசை.

ஆர்டர் நிறைய இருந்தது, டெலிவரி மட்டும் தவறிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர் தினமும் போனில் கத்துவார். நான் கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். கிரைண்டிங் மெஷினில் ஒரு பீஸுக்கு ஒன்றரை நிமிடம். சாப்பாடு, டீ போக ஷிஃப்டுக்கு ஏழு மணி நேரம், அதாவது 420 நிமிடம். 280 பீஸ் வரவேண்டும். வந்தது 190. விஷயம் முடிந்தது, குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

அந்த மெஷினில் நின்றவர் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உள்ளவர். என் அப்பா வயசு. கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு இன்றும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "வேலை வந்தா செய்யறனுங்க சார். காலையில மெஷினுக்கு முன்னாடி ஒண்ணுமே இருக்கறதில்லீங்க. பத்து மணிக்கு மேல மலையாட்டம் வந்து கொட்டுதுங்க." சாக்கு சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். மெமோ கொடுத்தேன். இன்சென்டிவ் ஐந்து மாதம் கட் ஆனது. இரண்டாவது மெமோ கொடுத்த வாரத்தில் அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை. இன்னொன்றும் செய்தேன். உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் மன்றாடி ஒரு புது சி.என்.சி. லேத் வாங்க வைத்தேன். மாலை போட்டு, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கித் தொடங்கி வைத்தோம். போட்டோவில் நான்தான் நடுவில் நிற்கிறேன்.

கிரைண்டிங்குக்கு ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையன் வந்தான். துடிப்பானவன், ஓடி ஓடி வேலை செய்வான். முதல் மாதக் கணக்கைப் பார்த்தேன். ஷிஃப்டுக்கு 190.

அப்போதுதான் எனக்கு முதுகில் சில்லென்றது.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஒரு நோட்டு, ஒரு வாட்ச், ஒரு ஸ்டூல் எடுத்துக்கொண்டு அந்த மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி வரை எழுந்திருக்கவில்லை. மெஷின் நின்றபோதெல்லாம் ஏன் நின்றது என்று எழுதினேன். 420 நிமிடத்தில் மெஷின் ஓடியது 285 நிமிடம். நின்றது 135 நிமிடம். ஃபர்னஸிலிருந்து சரக்கு வராமல் 70 நிமிடம். மாடல் மாற்றி செட்டிங் செய்ய 30 நிமிடம். செட்டிங் முடிந்து, முதல் பீஸை இன்ஸ்பெக்ஷன் ஓகே சொல்லும் வரை 25 நிமிடம். டிராலி தேடியதில் 10 நிமிடம். "ஆள் சும்மா இருந்தது" என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தேன். அது காலியாகவே இருந்தது.

285 நிமிடத்தை ஒன்றரையால் வகுத்துப் பாருங்கள். சரியாக 190. அந்தப் பெரியவர் ஒரு பீஸ்கூடக் குறைவாகச் செய்யவில்லை.

எல்லாரும் பாஸ், கம்பெனி ஃபெயில்

ஏன் சரக்கு வரவில்லை என்று ஃபர்னஸ் ஃபோர்மேனிடம் போனேன். அவரைப் பிழை சொல்ல முடியாது. அவருடைய மார்க் கிலோவுக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்பதில். ஆகவே ஃபர்னஸ் நிறையும் வரை காத்திருந்து, முழு லோடு போட்டு, மொத்தமாக வெளியே எடுப்பார். லேத்துக்காரர்களுக்கு மார்க் எத்தனை பீஸ் கடைந்தார்கள் என்பதில். அவர்கள் எந்த மாடல் சுலபமோ அதைக் கடைந்து குவிப்பார்கள். நான் வாங்கிய புது லேத் அந்தக் குவியலை இன்னும் உயரமாக்கியது. இன்ஸ்பெக்ஷன்காரருக்கு மார்க் பேக்கிங்குக்குப் போகிற பெட்டியில். கிரைண்டிங்கில் ஒரு முதல் பீஸ் ஓகேவுக்காகக் காத்துக் கிடப்பது அவர் கணக்கிலேயே வராது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் பாஸ். கம்பெனி மட்டும் ஃபெயில். இத்தனை பேர் தாமதமும் வந்து சேர்ந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தவருக்கு மெமோ.

இதைத்தான் பாட்டில்நெக் என்கிறார்கள். சீசாவின் வயிறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கழுத்து விடுகிற அளவுதான் வெளியே வரும். இஸ்ரேல் நாட்டு இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் இதை ஒரு நாவலாகவே எழுதினார். கழுத்தில் இழந்த ஒரு மணி நேரம் தொழிற்சாலை முழுவதும் இழந்த ஒரு மணி நேரம். கழுத்தில்லாத இடத்தில் மிச்சம் பிடித்த ஒரு மணி நேரத்தால் பிரயோசனமே இல்லை. இதுதான் அவர் வாதத்தின் சாரம். என் புது லேத் அந்த இரண்டாவது ரகம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அது சராசரி என்ற பொறி. ஃபர்னஸிலிருந்து சராசரியாக மணிக்கு நாற்பது பீஸ் வருகிறது, கிரைண்டிங்கும் மணிக்கு நாற்பது செய்யும், ஆகவே பிரச்சினை இல்லை என்று காகிதம் சொல்லும். ஆனால் முதல் மணியில் ஒன்றுமில்லை, மூன்றாம் மணியில் நூற்றிருபது என்று வந்தால்? காலியாகப் போன அந்த மணி நேரம் திரும்ப வராது. மாலையில் எவ்வளவு ஓடினாலும் மெஷின் மணிக்கு நாற்பதுதான் செய்யும். ஏற்ற இறக்கத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கழுத்துக்கு முன்னால் கொஞ்சம் சரக்கை எப்போதும் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும்.

நாங்கள் செய்தது நாலே காரியம். முந்தின ஷிஃப்ட் முடியும்போது கிரைண்டிங்குக்கு முன்னால் அறுபது பீஸ் இருக்க வேண்டும் என்று தரையில் மஞ்சள் கோடு போட்டு வைத்தோம். அறுபது பீஸ் என்றால் தொண்ணூறு நிமிட வேலை. ஃபர்னஸ்காரர் தன் வழியில் முழு லோடே போடட்டும், காலைக் காத்திருப்பு போய்விடும். இரண்டாவது, கிரைண்டிங்கின் முதல் பீஸ் வந்தால் இன்ஸ்பெக்ஷன்காரர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அதைத்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மாடலுக்கான கருவிகளை எடுத்து வைத்துவிடுவது. இது நான் கண்டுபிடித்ததல்ல. ஜப்பானின் ஷிகியோ ஷிங்கோ, டொயோட்டாவில் நாலு மணி நேரம் பிடித்த பிரஸ் மெஷின் செட்டிங்கை மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்ததற்கு இதுதான் அடிப்படை: மெஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்ற வேலையையும், ஓடும்போதே செய்துவிடக்கூடிய வேலையையும் முதலில் பிரி. எங்களுக்கு மூன்று நிமிடமெல்லாம் வரவில்லை, முப்பது பதினைந்தானது. அதுவே போதுமாக இருந்தது.

நாலாவதுதான் கஷ்டம். லேத்துகளை நிறுத்தச் சொன்னேன். "லட்சக் கணக்கில் போட்டு வாங்கின மெஷினை நீங்களே நிறுத்தச் சொல்றீங்களா?" என்று மேலே கேட்டார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்ல எனக்கே கூச்சம். நான் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி அது. உள்ளே இருக்கும் சரக்கை, தினசரி வெளியே போகும் சரக்கால் வகுத்தால், ஒரு பீஸ் உள்ளே தங்குகிற நாள் கிடைக்கும். எங்கள் லைனில் டிரேக்களில் குவிந்து கிடந்தது 5,700 பீஸ். இரண்டு ஷிஃப்டில் வெளியே போனது 380. வகுத்தால் பதினைந்து நாள். ஃபர்னஸில் இருக்கிற நேரத்தையும் சேர்த்து ஒரு ஷாஃப்டுக்கு உண்மையான வேலை ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடையாது. மீதி நாளெல்லாம் அது டிரேயில் தூங்கியது. கம்பெனியின் காசு அதோடு சேர்ந்து தூங்கியது. கழுத்து விடுகிற அளவுக்கு மேல் லேத்தில் கடைந்தால் அந்தத் தூக்கம்தான் நீளும்.

மூன்று மாதத்தில் ஷிஃப்டுக்கு 250 வந்தது. நாளைக்கு 500. உள்ளே இருந்த சரக்கு 2,500 ஆகக் குறைந்தது. பதினைந்து நாள் ஐந்து நாளானது. புது மெஷின் எதுவும் வாங்கவில்லை, யாரையும் விரட்டவில்லை. போன் கத்துவது நின்றது.

மதுரையில் ஒரு அறுவை அரங்கு

இதெல்லாம் இரும்பு உருட்டுகிற வேலைக்குத்தானே என்று டாக்டர் வீட்டு மாப்பிள்ளைகளும், சாஃப்ட்வேர் நண்பர்களும் நினைக்கலாம். உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற ஓர் உதாரணம் நம் மதுரையில் இருக்கிறது.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வாத நோயால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே அறுவை செய்யக் கற்றுக்கொண்டவர். கண்புரையால் பார்வை போனவர்கள் லட்சக் கணக்கில். கண் டாக்டர்களோ கொஞ்சம் பேர். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் எங்கே போனாலும் ஒரே சீராக நடப்பதைப் பார்த்து, வைத்தியத்தை ஏன் இப்படி ஒழுங்குபடுத்தக்கூடாது என்று யோசித்தவர் அவர்.

அங்கே தோசைக்கல் எது? அறுவை செய்யும் டாக்டரின் கை. அதைத்தான் விலைக்கு வாங்க முடியாது. ஆகவே அந்தக் கை சும்மா இருக்கக்கூடாது. ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். இங்கே முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு டாக்டர் அடுத்ததைத் தொடங்குவார். பரிசோதனை, மருந்து போடுவது, நோயாளியைத் தயார் செய்வது, அப்புறம் கவனிப்பது எல்லாம் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்த பெண்களின் பொறுப்பு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதி விலையில் ஏழைக்கு எட்டாது என்பதால் 1992-ல் ஆரோலேப் என்று சொந்தமாகவே தயாரிக்கத் தொடங்கினார்கள். பணம் கொடுக்கிறவர்களின் வருமானத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கும் பார்வை கிடைக்கிறது. 1993-லேயே ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் இதைப் பாடமாக எழுதியது.

கவனியுங்கள், அங்கே டாக்டரை வேகமாக வெட்டச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கண் போய்விடும். அவர் காத்திருக்கும் நேரத்தைத்தான் எடுத்தார்கள். உற்பத்தித் திறன் என்றாலே ஆளை விரட்டுவது என்று நினைக்கிற முதலாளிகளும், அதே பயத்தில் இருக்கிற தொழிலாளர்களும் இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் போதும்.

சாஃப்ட்வேர் நண்பர்களே, நீங்கள் இரண்டு நாளில் எழுதிய புரோகிராம் யாரோ ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று பத்து நாள் கிடக்கிறதே, அதுவும் என் டிரேதான். வங்கியில், தாலுகா ஆபீசில், காண்ட்ராக்டர் பில்லில், எங்கே பார்த்தாலும் வேலை நடக்கிற நேரம் கொஞ்சம், காத்திருக்கிற நேரம் நிறைய.

அதே ஆட்கள், வேறு தொழிற்சாலை

என் கதையின் நெஞ்சு உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். ஆளைக் குற்றம் சொல்வதா, அமைப்பைப் பார்ப்பதா என்பது.

அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் டெமிங் தம் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பாத்திரத்தில் வெள்ளை மணிகளும் சிவப்பு மணிகளும் கலந்திருக்கும். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு. குழி வைத்த ஒரு கரண்டியால் ஐம்பது மணி அள்ள வேண்டும். சிவப்பு வந்தால் அது குறைபாடு. குறைவாகச் சிவப்பு எடுத்தவருக்குப் பாராட்டு, அதிகம் எடுத்தவருக்குத் திட்டு. அடுத்த முறை அள்ளினால் பாராட்டு வாங்கியவருக்குச் சிவப்பு அதிகமாக வரும். கூட்டமே சிரிக்கும். பாத்திரத்தில் சிவப்பைப் போட்டவர் நிர்வாகி. திட்டு வாங்குபவர் அள்ளியவர். 1950-ல் ஜப்பானுக்குப் போய் இவர் சொன்னதை அந்த நாட்டுத் தொழிலதிபர்கள் கேட்டார்கள். அவர் பெயரிலேயே பரிசு வைத்தார்கள். சென்னை பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் அந்தப் பரிசை இந்தியாவிலேயே முதலாவதாக வாங்கியது நமக்குப் பெருமை.

இன்னொன்று. கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கார் தொழிற்சாலை. ஐந்தில் ஒருவர் வேலைக்கே வராத நாள் உண்டு, சண்டை, வேலைநிறுத்தம், மோசமான தரம் என்று பெயர் கெட்டு, 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவோடு கூட்டாக அதே இடத்தைத் திறந்தார்கள். எடுத்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் அந்தப் பழைய ஆட்களே. அதே சங்கம். கோளாறைக் கண்டால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தும் அதிகாரத்தை அவர்கள் கையில் கொடுத்தார்கள். நிறுத்தியவனைத் திட்ட ஓடி வருவதற்குப் பதில், உதவி செய்ய ஓடி வந்தார்கள். சீக்கிரமே அங்கே தயாரான காரின் தரம் அமெரிக்காவில் பேசப்பட்டது; வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேராகக் குறைந்தார்கள். 2010 வரை அந்தக் கூட்டு நிறுவனம் நடந்தது.

அந்தக் கயிற்றின் வேர் ஒரு தறியில் இருக்கிறது. டொயோட்டா குடும்பத்தின் மூத்தவர் சாகிச்சி டொயோடா 1924-ல் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். தப்பு நடந்த இடத்திலேயே, நடந்த நொடியிலேயே நில். அதை அடுத்தவன் தலையில் கட்டாதே. தரத்தைப் பற்றி இதற்கு மேல் ஒரு தத்துவம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் பெரியவரும் ஒரு கயிற்றை இழுத்துத்தான் பார்த்தார். "காலையில ஒண்ணுமே இருக்கறதில்லீங்க" என்றார். எனக்குத்தான் அது கயிறு என்று தெரியவில்லை.

போய்ப் பார்த்தேன்

லைன் சரியான பிறகு, பிடித்த இன்சென்டிவைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று ஆபீசில் கேட்டேன். கணக்கு முடித்தாகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைத் தேடிப் போனேன். ஒரு சின்னப் பட்டறையில், வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். வீட்டம்மா காபி கொடுத்தார்கள். நோட்டை எடுத்துப் போயிருந்தேன். 135 நிமிடக் கணக்கைக் காட்டினேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

அவர் அதைக் கையில் வாங்கவில்லை. "அன்னைக்கே சொன்னேனுங்களே" என்றார். அவ்வளவுதான். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. நான் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டும்போது கேட்டார்: "இப்ப காலையில மெஷினுக்கு முன்னாடி சரக்கு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். மன்னித்தார் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். அவர் சொல்லவில்லை.

நண்பர்களே, சோம்பேறிகளே உலகத்தில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால் ஒரு ஷிஃப்ட் பக்கத்தில் நின்று பார்த்தாயா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு, அப்படி நிற்காமல் நான் யாருக்கும் மெமோ கொடுத்ததில்லை. நம்மில் பலர் இன்றைக்கு மெமோ எழுதுகிற நாற்காலியில் இருக்கிறோம். பேனாவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு ஸ்டூலைத் தேடுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் பழைய மாணவர்கள் எத்தனையோ பேர் சொந்தமாகப் பட்டறை, தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, ஓட்டல் நடத்துகிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள், இறுதியாண்டு மாணவர்களில் இருவரை உங்கள் இடத்துக்குள் விடுங்கள். வாட்சும் நோட்டுமாக எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கட்டும். அவர்கள் எழுதிக் கொடுக்கும் காகிதம் உங்களுக்குப் பயன்படும். அந்த எட்டு மணி நேரம் அவர்களுக்கு அதைவிடப் பயன்படும். முதல் இருவரை என் தொழிற்சாலைக்கு அனுப்பிவைக்கும்படி துறைத் தலைவர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இருபது நிமிஷம் தாண்டிவிட்டது, செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை நின்றால் கோபப்படாதீர்கள். பரிமாறுகிறவரைத் திட்டாதீர்கள். எட்டிப் பார்த்து, எந்தக் கல் காலியாகக் காய்கிறது என்று பாருங்கள். மாவு வாளியைத் தூக்கிக் கொடுக்க ஒரு கை தேவையாக இருக்கும்.